மேல்மாடிக்குப் போன தேத்தண்ணிக் கடை

புத்தளம் பஸ் நிலையத்தை ஒட்டிய பழைய கடைகளை இடித்துவிட்டுப் புது மாடிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். கண்ணாடியும் டைல்ஸுமாக ஜொலிக்கிறது, எனக்கென்றால் நன்றாகப் பிடித்திருக்கிறது! ஆனால் தேத்தண்ணிக் கடை நானாவுக்குச் சீட்டுக் குலுக்கலில் மேல்மாடி விழுந்திருக்கிறது. கீழே கடை இருந்தபோது பஸ் ஜன்னலுக்கே கிளாஸை நீட்டுவாராம். இன்று மேலே முதல் நாள். வந்திருப்பது நான் ஒருத்திதான்.

"பஸ்ஸில ஈக்கிற சனம் படியேறி வருமா, தங்கச்சி? இது சரிவராட்டி கடைய மூடத்தான் வேணும்," என்றபடி, கயிறு கட்டிய கூடையில் இஞ்சித் தேத்தண்ணியைக் கீழே இறக்குகிறார்.

கூடை ஆடுகிறது.

"மெதுவா நானா, ஊத்துப்படுது!"

"ஊத்துப்பட்டாலும் வாசம் போய்ச் சேருமே."

கல்பிட்டி பஸ் தனக்கென்று கோடு போட்ட இடத்தைத் தாண்டி வந்து, எங்களுக்கு நேர்கீழே நிற்கிறது. காவலாளி விசிலடித்துக்கொண்டு ஓடி வருகிறார்.

"பொறு மச்சான், குடிச்சிட்டு எடுக்கிறன்," என்று டிரைவர் ஜன்னலால் கையை நீட்டிக் கூடையைப் பிடிக்கிறார்.

காவலாளி பஸ்ஸைப் பார்க்கிறார், கூடையைப் பார்க்கிறார். பிறகு விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அண்ணாந்து கத்துகிறார்:

"நானா, எனக்குச் சீனி குறைச்சு!"