டிரையரில் சூடு வராத இரண்டு நாள்

ஆடி மழையில் தேவிகுளத்துப் பக்கம் துணி காய்வதில்லை. கொடியில் போட்டது போட்டபடி ஒரு வாரம் தொங்கிவிட்டுப் பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் மூணாறில் ஒரு லாட்ஜை மூடியபோது, அங்கிருந்த பழைய டிரையரை வாங்கிப் போட்டேன். துணியைச் சூட்டில் சுழற்றி உலர்த்துகிற பெட்டி அது. எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் வேறு எதிலும் கிடையாது. குமிழைச் சுற்றி எழுதியிருப்பதைப் படிக்க எனக்கு வராது. சிவப்புப் புள்ளிவரை திருப்புவேன், அது போதும். ஆறு வருஷமாக என் கையைத் தவிர வேறு கை அதில் பட்டதில்லை.

என் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை குறைமாதம். கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இருக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார். பிள்ளை உடம்பில் குளிர் ஏறக்கூடாது, ஈரத்துணி ஒரு நிமிஷம்கூட ஒட்டியிருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைத் துணிகளைப் பெட்டிக்குள் போட்டுத் திருப்பினேன். உருளை எப்போதும் போலத்தான் சுற்றியது. அரைமணி கழித்துத் திறந்து கையை விட்டால், கிணற்றுக்குள் விட்ட மாதிரி இருந்தது. துணி உள்ளே போனபோது இருந்ததைவிட வெளியே வந்தபோது அதிகமாகக் குளிர்ந்திருந்தது. மறுபடி போட்டேன். மறுபடியும் அப்படியே. பெட்டியின் பின்னாலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகும். வெப்பக் காற்று அதன் வழியாகப் புஸ் புஸ்ஸென்று போவது சுவரில் காதை வைத்தால் கேட்கும். அன்றைக்கு வைத்துப் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. காதை எடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம்தான் எலெக்ட்ரீசியன் வந்தார். தலை நரைத்த மனிதர். பஞ்சு சேருகிற தட்டைச் சுத்தம் பண்ணுவீர்களா என்று எடுத்தவுடன் கேட்டார்.

"எங்க அடுப்பாங்கரை பளபளன்னு கெடக்குறதப் பாத்துமா தம்பி இதக் கேக்குற?" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்தகட்டைக் கழற்றினார். மீட்டரின் இரண்டு ஊசிகளையும் சூடேற்றுகிற சுருள்கம்பியில் வைத்தார். கீச்சென்றது. கம்பி உயிரோடிருக்கிறது என்றார். அடுத்து நகத்தளவு ஒரு சாமானில் வைத்தார். சத்தமே இல்லை. அது ஃபியூஸாம். பெட்டி அளவுக்கு மீறிக் கொதித்தால் அது செத்துப்போய்ச் சூட்டை நிறுத்திவிடுமாம்; உருளை மட்டும் சுற்றுமாம். பெட்டி ஏன் கொதித்தது என்று பார்க்க வெளியே மூடுபனிக்குள் போனவர், குழாய் வாயிலிருந்து ஒரு மஞ்சள்துணி மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்து தரையில் வைத்தார். உள்ளே, மலைக்குக் கீழே போடியிலிருந்து தருவித்த வேப்பிலை கருகிக் கிடந்தது.

அது நான் அடைத்ததுதான். ஒரு வாரமாக அந்திக்கு அந்தக் குழாய் வாயில் ஒரு கரும்பறவை வந்து உட்கார்ந்திருந்தது. விரட்டினால் போகாது, வெப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பச்சைப்பிள்ளைத் துணியில் பறவை நிழல் பட்டால் பட்சி தோஷம் என்று நாங்கள் பொழுது சாய்ந்தபிறகு துணியை வெளியே விடமாட்டோம். பிள்ளைத் துணியின் காற்று முழுக்க அதன்மேல் அல்லவா படுகிறது? சனிக்கிழமை அந்தியில் அது வருவதற்குமுன் அடைத்துவிட்டேன். அடைத்தபிறகும் ஒருதரம் துணி போட்டேன்.

"பறவைக்குப் பயந்து பெட்டிக்கு மூச்ச அடைச்சிட்டீங்களே, அக்கா" என்று அவர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

செத்த ஃபியூஸை, இதே மாதிரி வாங்க வேண்டும் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தகட்டைத் திரும்ப மாட்டினார்.

"நாளைக்குக் கொண்டாறேன். அதுவரைக்கும் சும்மா சுத்தும். சூடு பொட்டு வராது."

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு விக்கல் வந்தது. காலைத் தொட்டால் சில்லென்றிருந்தது. வீட்டிலிருந்த துணி அத்தனையிலும் ஈரம். காற்றாவது படட்டுமே என்று எட்டுத் துணியைப் பெட்டியில் போட்டுத் திருப்பினேன். பனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டேன். சுவருக்குள் புஸ் புஸ்ஸென்று கேட்க ஆரம்பித்தது. அடைப்பு எடுத்ததால் வருகிற சத்தம் என்றுதான் நினைத்தேன்.

திறந்தேன். முகத்தில் வெப்பம் அடித்தது.

உருளைக்குள் கையை வைத்தேன். கரண்ட் சூடு எனக்குத் தெரியும், அது சுள்ளென்றிருக்கும். இது அப்படியில்லை. யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கை மாதிரி இருந்தது. எட்டுத் துணியும் காய்ந்திருந்தன. பிளக்கைப் பிடுங்கினேன். அப்போதும் ஆறவில்லை.

பிள்ளைக்குக் குளிர் ஏறியது என் கைக்குற்றத்தால். இந்தத் துணியைச் சுற்றி இன்னொன்று ஆகிவிட்டால்? ஒரு துணியை எடுத்து என் கழுத்தில் சுற்றிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன். இதில் எது இருந்தாலும் முதலில் என்னைப் பிடிக்கட்டும் என்று. வெப்பம் பிடரி வழியாக மெள்ள இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை. யாரோ பக்கத்தில் இருக்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"எம்மா, பிள்ளைக்கு விரலு நீலம் பாயுது. எதயாச்சும் கொண்டாயேன்" என்று உள்ளேயிருந்து மகள் கத்தினாள்.

கொண்டுபோனேன். கழுத்தில் இருந்ததையே முதலில் சுற்றினேன். விக்கல் நின்றது. விரல்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. பெட்டி சரியாகிவிட்டதா என்று மகள் கேட்டாள். ஆமாம் என்றேன்.

மறுநாள் எலெக்ட்ரீசியன் புது ஃபியூஸைப் போட்டார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என் வயதைத்தான் காரணம் காட்டுவார். அந்த எட்டுத் துணியைத் தனியே எடுத்து வைக்கலாமென்று தோன்றியது, வைக்கவில்லை. மற்றதோடு சேர்த்தே துவைத்தேன். பிள்ளை இப்போது தவழ்கிறான். தினமும் அவனுக்குத் துணி எடுத்துப் போடுகிறேன், எது அந்த எட்டில் ஒன்று, எது இல்லை என்று எனக்கே தெரிவதில்லை.