றங்கு

"யாழ்ப்பாணம்... யாழ்ப்பாணம்... ஓம், ஊர்காவற்றுறைதான்." ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கி, கடைவாயில் ஒரு துண்டுப் பனங்கட்டியை அடக்கிக்கொண்டு பேசுகிறார் தபால் அதிபர் இஞ்ஞாசியம்மா. யாழ்ப்பாணம் வழியாகக் கொழும்புக்கு இணைப்புக் கிடைக்க ஒரு மணித்தியாலமும் ஆகலாம், அரை நாளும் ஆகலாம். காத்திருப்பவர் கையைப் பிசையத் தொடங்கினால் அவர் பக்கம் திரும்புவார்.

"நீர் இருக்கிற வாங்கும் காசு போடுற பாங்கும் ஒண்டுவிட்ட சகோதரம், தெரியுமே? வாங்கு போத்துக்கீசன் தந்தது, பாங்கு இத்தாலியன்ர. ஆனால் இரண்டுக்கும் பாட்டன் ஒருத்தன்தான்."

தபால் கந்தோருக்கு வருகிறவர்களுக்கு அவர் தருகிற உபசாரம் இது. தேத்தண்ணி கிடையாது, ஒரு சொல்லை உரித்துக் கையில் தருவார். மலாயா ரயில்வேயில் இருந்த தகப்பன் மரியநாயகம் கொண்டுவந்த ஆங்கில அகராதிக்குக் கப்பல் பாய்ச்சீலையில் உறை தைத்து வைத்திருக்கிறார். மற்றவர்கள் கதைப் புத்தகம் வாசிப்பதுபோல அதை வாசிப்பார். வெயிலுக்கும் விரிக்காத, மழைக்கும் விரிக்காத ஒரு குடை எப்போதும் கூட வரும். அது நாய்களை விரட்டவாம்.

அரசாங்கக் கந்தோர்களில் ஆங்கிலம் போய்விட்டது என்கிறார்கள். தந்திகள் என்னவோ இன்னும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. போன மாரியில் அப்படி ஒன்று வந்தது.

நாரந்தனைச் சின்னத்தங்கம் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். பின்னால் அவருடைய தம்பி மார்க்கண்டு, கையில் காலையில் கிடைத்த தந்தியோடு. சின்னத்தங்கத்தின் மகன் குலசிங்கம் முந்தின நாள்தான் புது வேலைக்கென்று கொழும்பு பஸ் ஏறியிருந்தான். உடுப்புகள் வைக்கப் புதுத் தகரப் பெட்டி ஒன்றும் கொண்டுபோனான். ஆங்கிலத்து ‘ட்ரங்க்’, தீவுகளில் அதற்கு றங்கு என்று பெயர். கூடப் போன சிநேகிதன் அடித்த தந்தியை மார்க்கண்டு இப்படி வாசித்திருந்தார்: பஸ் விபத்து, குலசிங்கத்தின் றங்குக்கு மட்டும் சேதம்.

"பெட்டி நசிஞ்சால் நசியட்டும் அக்கா. பிள்ளை தப்பினது பிள்ளையார் புண்ணியம். வேற றங்கு வாங்கச் சொல்லி ஒரு தந்தி அடிச்சு விடுங்கோ," என்றார் சின்னத்தங்கம் இஞ்ஞாசியம்மாவிடம்.

தந்தியைக் காலையில் எடுத்தவர் உதவியாளர். இஞ்ஞாசியம்மா இப்போதுதான் பார்க்கிறார். இரண்டு தரம் வாசித்தார்.

"இந்தச் சிநேகிதன் என்ன செய்யிறான்?"

"டாக்குத்தருக்குப் படிக்கிறான்."

எழுந்து போய்ப் பனங்கட்டியைத் துப்பிவிட்டு வந்தார். பேசாமல் விட்டுவிடலாமோ என்று ஒரு கணம் தோன்றியதாகப் பின்னர் என்னிடம் சொன்னார். சின்னத்தங்கத்தின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பாம்.

"சின்னத்தங்கம், இது பெட்டி இல்லைப் போல கிடக்கு. தலை, கை, கால் தவிர்ந்த உடம்பையும் டாக்குத்தர்மார் றங்கு எண்டுதான் சொல்லுறவை."

"றங்கு எண்டால் றங்குதான்," என்றார் மார்க்கண்டு. பிறகு குரல் இறங்கி, "இல்லையோ?" என்றார்.

அதற்குள் இஞ்ஞாசியம்மா, தந்தி புறப்பட்ட, கொழும்பு வழியில் உள்ள குருநாகல் கந்தோரைக் கூப்பிட்டு, அங்கிருந்து ஆசுபத்திரிக்கு இணைப்புக் கேட்டிருந்தார்.

சின்னத்தங்கம் அழவில்லை. "சும்மா இருக்க ஏலாது அக்கா. வாறவைக்குச் சொல்லுற மாதிரி ஏதும் சொல்லுங்கோ. அந்தச் சொல்லையே சொல்லுங்கோ."

"முதல் முதல் அது கிளை தறிச்ச மரம். லத்தீன்காரன் வைச்ச பேர். நெடுந்தீவுப் பெருக்குமரம் உள்ளுக்குக் கோறையாக் கிடக்கெல்லே? அப்பிடிக் குடைஞ்ச மரத்துக்குள்ள உடுப்பு வைச்சுப் பூட்டினவங்கள். அது பெட்டியாச்சு. கிளையை விட்டால் மரம், கை காலை விட்டால் உடம்பு. யானைத் தும்பிக்கைக்கும் அதே பேர், ஏனெண்டு படிச்சவைக்கே முடிவில்லை. தூர ஊருக்கு இப்ப எடுக்கிறமே றங் கோல், அதுவும் அந்த மரந்தான். ஊர் ஊராப் போற கம்பி கிளை. நடு லைன் அடிமரம்."

"அடிமரத்தில வெட்டு விழுந்தால் பிழைக்குமோ அக்கா?"

இஞ்ஞாசியம்மா சின்னத்தங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மணி அடித்தது. டாக்டரின் ஆங்கிலத்தை முழுதும் கேட்டுவிட்டுத்தான் வாய் திறந்தார். "விலாவெலும்பு இரண்டு உடைஞ்சிருக்கு. உள்காயம் இல்லை. கதைக்கிறானாம், சோறும் கேட்டவனாம்."

மார்க்கண்டு வெளியே போய் நின்றார். இஞ்ஞாசியம்மா ரிசீவரைச் சின்னத்தங்கத்தின் காதில் வைத்தார். அந்தப் பக்கம் டாக்டர் ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். யாரோ நடக்கிற சத்தம், ஓர் இருமல், வாளி உரசும் ஒலி. மகன் கிடக்கிற இடத்தின் அந்த இரைச்சலைத் தாய் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கதைச்சு முடிஞ்சுதோ?" என்று இணைப்புத் தந்த யாழ்ப்பாணம் குறுக்கிட்டது.

இஞ்ஞாசியம்மா குனிந்து, தன் கன்னத்தைச் சின்னத்தங்கத்தின் கன்னத்தோடு ஒட்டவைத்து, ரிசீவருக்குள் மெதுவாகச் சொன்னார்: "இன்னும் இல்லை."