முந்தானையில் முடிந்த காசு

முதலில் வந்தது வாசனைதான். மொரப்பூரில் என் தையல் கடையில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அணைந்த கற்பூரத்தின் வாசனை வந்தது. பக்கத்துக் கடையில் பூஜையோ என்று எட்டிப் பார்த்தேன். அது பூட்டிக் கிடந்தது. நல்ல சகுனம்தான் என்று மீண்டும் ஊசியை எடுத்தேன். சாயங்காலம் காய்ச்சல். மறுநாள் காலையில் பால் பாத்திரத்தைக் காட்டி, இதற்கு என்ன பெயர் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேனாம்.

கேட்டேனாம் என்றுதான் எழுத முடிகிறது. அதன்பிறகு நடந்தது எதுவும் என்னிடம் இல்லை. சேலத்தில் ஒரு மருத்துவமனையில் கண் விழித்தபோது மூக்கில் குழாய் இருந்தது. மூளை அழற்சி (கிருமி தாக்கி மூளை வீங்குவது) என்றார்கள். வாசனையை உணரும் இடத்துக்குப் பக்கத்திலேயே நோய் பிடித்ததால், எரியாத கற்பூரம் மணத்ததாம். இதைப் படிக்கிற யாருக்காவது இல்லாத வாசனை வந்து, கூடவே காய்ச்சலும் பேச்சுத் தடுமாற்றமும் இருந்தால், என்னைப் போலச் சகுனம் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே ஓடுங்கள்.

உயிரோடு வீடு வந்தேன். மாமியார் பூஜை அலமாரியைத் திறந்து, சேலத்துக்குப் போன அன்று நான் கட்டியிருந்த சேலையை எடுத்துக் காட்டினார். துவைக்காமல் மடித்து வைத்திருந்தார். அதன் முந்தானையில் ஒரு காசு முடிந்திருந்தது.

எங்கள் பக்கம் சாமிக்கு ஏதாவது வேண்டிக்கொண்டால் இப்படி முடிந்து வைப்போம். சொன்னதைச் செலுத்திய பிறகுதான் அவிழ்ப்போம். இரட்டைச் சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்த அந்த முடிச்சு என்னுடையதுதான். ஆனால் எந்தச் சாமிக்கு முடிந்தேன்? என்ன தருவதாகச் சொன்னேன்?

சேலத்துக்குக் காரில் போகும்போது முடிந்ததாக வீட்டுக்காரர் சொன்னார். உதடு அசைந்ததைப் பார்த்திருக்கிறார். காது கொடுத்துக் கேட்கவில்லை. "வேண்டுதல ஒட்டுக் கேக்கக் கூடாதுல்ல, அதான் ரோட்டப் பாத்துக்கினு வந்தேன்" என்றார். இந்த மனிதரின் மரியாதையை என்னவென்று சொல்வது.

பிறகு அந்த வாசனை திரும்ப வரத் தொடங்கியது. குழம்பு தாளிக்கும்போது வரும், பஸ்ஸுக்கு நிற்கும்போது வரும், சட்டென்று போய்விடும். சாமி ஞாபகப்படுத்துகிறது என்றார் மாமியார். மிகச் சிறிய வலிப்பு அது (உடம்பு துடிக்காது, சில நொடி நினைவு மங்கும்) என்று மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார். நான் இரண்டு பேரையும் நம்பினேன்.

அந்த நாட்களின் நினைவு எப்போது திரும்பும் என்று மருத்துவரிடம் கேட்டேன்.

"நீங்க மறந்துட்டீங்கன்னு சொல்ல முடியாதும்மா. அது உங்க மூளையில பதியவே இல்ல. பதியாதது திரும்பி வராது."

அப்படியானால் நான் கொடுத்த வாக்கு, அதைக் கேட்டவரிடம் மட்டும்தான் இருக்கிறது. அவரோ வாய் திறந்து பேசுகிறவர் இல்லை.

இன்னொன்றும் உண்டு. காசு முடிந்ததும் நான் பின்சீட்டுப் பக்கம் திரும்பி, கூட வந்த எங்கள் மகளின் தலையைத் தொட்டேன் என்று வீட்டுக்காரர் ஒருநாள் ஞாபகம் வந்து சொன்னார். மாமியாருக்கு அது போதும். பெண்ணின் முடியைத்தான் வேண்டியிருக்கிறாய், தீர்த்தமலையில் மொட்டை போட்டுவிடலாம் என்றார்.

முடியோடு போனால் நல்லதுதான். ஆனால் என் வாய் எனக்குத் தெரியும். பஸ் கிடைப்பதற்கே நூற்றெட்டுச் சுற்று சொல்லிவிட்டுப் பிறகு பேரம் பேசுகிறவள் நான். சாவு பயத்தில் அந்த வாய் எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்திருக்கும். மகளுக்கு லேசாகச் சளி பிடித்தாலும் ராத்திரியெல்லாம் அவள் பக்கத்தில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குலதெய்வமான முனியப்பன் முன்னால் நின்று, புள்ளையை மட்டும் கேட்காதே என்று அழுதிருக்கிறேன்.

மொட்டைக்கு நாள் குறித்தபோது மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். ஏழாவது படிக்கிறாள்.

"நீ என்னைய வேண்டிக்கலம்மா. என் தலையத் தொட்டு, யாரு வூட்டுப் பாப்பா இதுன்னு கேட்ட."

இத்தனை மாதம் அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நான் அழுவேன் என்று வைத்திருந்தாளாம். அழுதேன். கூடவே பெரிய பாரம் இறங்கியது. இருப்பதே தெரியாத பிள்ளையை யாரும் நேர்ந்துவிட முடியாது.

மொட்டை போடவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் கைகளைப் பார்த்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. புருஷன், பிள்ளை, பால் பாத்திரம் எல்லாம் போன பிறகு சாமியின் பெயர் மட்டும் எனக்கு மிஞ்சியிருக்காது. யாரென்று தெரியாமலே யாரையோ என் விரல்கள் கூப்பிட்டிருக்கின்றன. பக்தி மனசில் இருப்பது என்று நினைத்திருந்தேன். அந்த வாரத்தில் மனசு இல்லை, நானும் இல்லை. இருந்த யாரோ எனக்காக வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். முடிச்சை அவிழ்க்காமல் அந்தச் சேலையை அலமாரியிலேயே வைத்துவிட்டோம்.

போன வாரம் கடையில் மறுபடியும் வாசனை வந்தது. அது போனதும் நிமிர்ந்தேன். எதிரே மகள் நின்றிருந்தாள். இப்போதெல்லாம் அவள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்.

"நான் யாரு, சொல்லு."

பெயரைச் சொன்னேன். சிரித்தாள். மாத்திரை எடுக்க எழுந்தபோது முந்தானை கனத்தது. மேசை மேல் கிடந்த சில்லறையில் ஒரு காசு அதில் ஏறியிருந்தது, இரட்டைச் சுற்று முடிச்சோடு.