நாகாலாந்து லாரியும் ஒன்பது நாள் விடுமுறையும்

“…செல்லாது மாமா. வண்டிதான் நாகாலாந்து, ஆளு கர்னூலு. ஆந்திராவ நாங்க ஏப்ரல்லயே முட்சிட்டோம்.”

என் தங்கை ரீட்டாவின் மகள் மெர்சி, வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு இதைச் சொன்னாள். பதினொரு வயது. நான் சிங்கப்பூரிலிருந்து முதல்நாள் இரவுதான் வந்திருந்தேன். காலையில் எழுந்து வாசல் கதவைத் திறந்தால் எதிரே ஒரு மஞ்சள் இரும்புச் சுவர். அது ஒரு கன்டெய்னர் என்று புரியவே கொஞ்சநேரம் ஆயிற்று. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பியபோது அந்த வாசலிலிருந்து சாலை தெரியும், சாலைக்கு அப்பால் கடல் தெரியும். இப்போது ஹார்பருக்குள் போக முறை வரும்வரை கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு நாள், மூன்று நாள் அங்கேயே நிற்கின்றன. டிரைவர்கள் சக்கரத்தின் நிழலில் ஸ்டவ் பற்றவைத்து ரொட்டி சுடுகிறார்கள், குடத்துத் தண்ணீரில் குளிக்கிறார்கள், துண்டை விரித்துத் தூங்குகிறார்கள். ஊரே பேஜார் என்று திட்டிக்கொண்டிருந்த அந்த வரிசையில் ஒரு நம்பர் பிளேட்டில் என்.எல். என்ற எழுத்துகளைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. “மெர்சி, இங்க வா, நாகாலாந்து லாரி நிக்குது” என்று கூப்பிட்டேன். அதற்கு வந்த பதில்தான் மேலே சொன்னது.

அந்தத் தெருப் பிள்ளைகள் முழுப் பரீட்சை முடிந்த நாளிலிருந்து ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். பெயர், ‘இந்தியா புடிக்கிறது’. ரீட்டா வீட்டு வாசல் கதவின் உட்பக்கம் ஒரு பள்ளிக்கூட மேப்பை ஒட்டிவைத்திருந்தார்கள். லாரி டிரைவரிடம் போய் அவர் சொந்த ஊரைக் கேட்க வேண்டும். அவர் வாயால் சொன்னால்தான் கணக்கு. நம்பர் பிளேட் சாட்சி ஆகாது. அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அட்லஸில் அவரையே தொட்டுக்காட்டச் சொல்ல வேண்டும். ஒன்றிலிருந்து பத்துவரை அவர் பாஷையில் எண்ணக் கற்றுக்கொண்டு வந்து மற்றவர்கள் முன்னால் ஒப்பிக்க வேண்டும். இவ்வளவும் செய்தவருக்குத்தான் அந்த மாநிலத்துக்கு வர்ணம் தீட்டும் உரிமை. பஞ்சாபியில், ஒடியாவில், மராட்டியில் பத்துவரை எண்ணத் தெரிந்த பிள்ளைகள் அந்தச் சந்தில் ஆறு பேர் இருந்தார்கள். எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. அவர்கள் மேப்பில் கண்ணை உறுத்திக்கொண்டு வெள்ளையாக நின்றது நாகாலாந்து. என்.எல். வண்டி என்னவோ பத்துக்கு மூன்று வருகிறது. டிரைவரோ ஆந்திரா, ராஜஸ்தான், நாமக்கல். அங்கே பதிவு செய்வது சுலபமாம், அதனால் முதலாளிகள் வண்டியை அங்கே பதிவு செய்துவிட்டு எங்கேயோ ஓட்டுகிறார்களாம். “டபாய்க்கிறானுங்க மாமா, பேரு மட்டும் ஒரு ஊரு” என்றாள் மெர்சி. எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படி ஒரு வண்டிதானே.

என்னோடு வந்திருந்த மகள் ஏஞ்சலுக்குப் பத்து வயது, சிங்கப்பூரில் பிறந்தவள். வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஒரு கஷ்டம் தெரிந்திருக்கும். சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை தொடங்குவது மே மாதக் கடைசியில். திருவொற்றியூரில் ஜூன் முதலில் பள்ளி திறந்துவிடும். இரண்டு ஊர் விடுமுறையும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வது அந்த வருடம் ஒன்பதே நாள். அந்த ஒன்பது நாளுக்குள் அவள் அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியவளாகிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அவளுக்கு இருந்த ஆசை அதைவிடத் தெளிவானது. ஒரு மாநிலத்துக்காவது தன் கையால் வர்ணம் தீட்டிவிட்டு விமானம் ஏற வேண்டும்.

சிங்கப்பூரில் அவள் போகும் ஹாலிடே கேம்ப்பைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். நீச்சல் அங்கேதான் கற்றாள், பேட்டரியில் ஓடும் ரோபோ ஒன்றைச் செய்துகொண்டு வந்து எங்கள் வரவேற்பறையில் ஓடவிட்டாள். ஆனால் முதல் வருடம் அவர்கள் கொடுத்த விண்ணப்பத்தில் ‘உங்கள் பிள்ளை நனையலாமா? அழுக்காகலாமா?’ என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. நான் பேனாவைப் பிடித்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். திருவொற்றியூரில் கடற்கரையில் வளர்ந்தவனிடம் இப்படி யாரும் அனுமதி கேட்டதில்லை. இந்தப் பயணம் முடிந்து திரும்பியபின் கேம்ப் நடத்தும் அம்மையாரிடம் லாரி விளையாட்டை விவரித்தேன். “இன்ஸ்ட்ரக்டர் யார்?” என்றார். யாருமில்லை என்றேன். “ரேஷியோ? ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள்?” என்றார். ஒரு லாரிக்கு ஆறு பிள்ளைகள் என்றேன். “லாரி நின்றபடியே இருக்குமா?” இரண்டு நாளாக நிற்கிறது என்றேன். “ஓ, எக்ஸிபிட்” என்று அதைக் காட்சிப்பொருளாக எண்ணி முகம் மலர்ந்து குறித்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. ஒருவகையில் சரியாகத்தான் சொல்கிறார் என்று பட்டது.

முதல் நாள் தெருப் பையன்கள் “இது யாரு, ஃபாரின் பார்ட்டியா?” என்று ஏஞ்சலைச் சீண்டியபோது மெர்சி இடுப்பில் கைவைத்து நின்று, “எங்க வூட்டுப் பொண்ணு. திருவத்தியூரு. எவனாச்சும் எதுனா சொன்னீங்க, தெரியும் சேதி” என்றாள். அதோடு ஏஞ்சலுக்கு அந்தக் கூட்டத்தில் இடம் கிடைத்தது. வர்ணம்தான் கிடைக்கவில்லை. அவள் பள்ளியில் படித்த தமிழோடு ஒரு டிரைவர் முன்னால் போய் நின்று, “வணக்கம் ஐயா, தாங்கள் எந்த ஊரைச் சேர்ந்தவர்?” என்றாள். அவருக்குத் தமிழே தெரியாது. சிரித்து ஒரு ரொட்டியைக் கையில் கொடுத்து அனுப்பினார். பின்னாலிருந்து பிள்ளைகள், “இன்னாடி, நியூஸ் வாசிக்கிறியா?” என்று உருண்டு சிரித்தார்கள். மெர்சிதான் தன் கைவசமிருந்த இந்தியைக் கொடுத்தாள். “பையா, காவ் கிதர்? அண்ணா, ஊரு எங்கன்னு அர்த்தம். அவ்ளோதான். மீதிய அவரே பேசுவாரு, நீ தலைய ஆட்டு.” எட்டு நாள் ஏஞ்சல் தலையாட்டினாள். வந்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே வர்ணம் தீட்டிய மாநிலத்துக்காரர்கள்.

ஒன்பதாம் நாள் காலை அவள் மூச்சிரைக்க வீட்டுக்குள் ஓடிவந்தாள். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. “மெர்சி அக்கா, நாகாலாந்து. வண்டியும் என்.எல்., அவரும் நாகாலாந்து. திமாப்பூர்னு அவர் வாயால சொன்னார், தொட்டுக் காட்டினார்.” மொத்தக் கூட்டமும் கதவுக்கு முன் கூடிவிட்டது. ரீட்டா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். நான் என்னை அறியாமல் கைதட்டிக்கொண்டிருந்தேன். எண்ணு, என்றாள் மெர்சி. ஏஞ்சல் கண்ணை மூடிக்கொண்டு “ஏக், துய், தீன்” என்று தொடங்கியதுமே மெர்சியின் புருவம் ஏறியது.

“இரு, இரு. ‘துய்’யா? இது பீகாரு எண்ணிக்கை. நான்தானே கத்துக்கினு வந்தேன்.”

டிரைவரிடமே போய்க் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. டிரைவரின் அப்பா பீகாரில் சாப்ராவிலிருந்து திமாப்பூருக்குக் கடை போடப் போனவர். இவர் பிறந்ததும் வளர்ந்ததும் திமாப்பூரில். வீட்டில் பேசுவது சாப்ரா பேச்சு. வருடத்துக்கு ஒருமுறை சாப்ரா போவாராம்.

“அப்ப சொந்த ஊரு பீகாரு. செல்லாது.”

“அவர் பிறந்தது அங்கதான் அக்கா.”

“பொறந்தா ஆச்சா? பொறந்த ஊருதான் கணக்குன்னு வச்சா நீ சிங்கப்பூரு. அப்ப நீ எங்க செட்டே இல்ல. சொந்த ஊருன்னு வச்சா நீ திருவத்தியூரு, அவரு பீகாரு. ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

மெர்சி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்குச் சட்டம் சட்டம்தான். ஆனால் சொன்னபிறகு தான் சொன்னது என்னவென்று அவளுக்கே கேட்டிருக்க வேண்டும், முகம் மாறிவிட்டது. ஒரு பையன் என் சட்டையை இழுத்து, “மாமா, நீ எந்தூரு, நீ சொல்லு” என்றான். சிங்கப்பூரில் என்னை எல்லோரும் மெட்ராஸ்காரர் என்பார்கள். இந்தத் தெருவில் எனக்குப் பெயரே சிங்கப்பூர் மாமா.

ஏஞ்சல் மேப்பைப் பார்த்தாள், மெர்சியைப் பார்த்தாள். கையிலிருந்த பச்சைப் பென்சிலைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். “வேணாம். அவர் பீகார்னே வச்சுக்கலாம்” என்றாள்.

“இன்னாடி வேணாம்?” என்று பெட்டியை வெடுக்கென்று பிடுங்கினாள் மெர்சி. சிவப்புப் பென்சிலை எடுத்தாள். ஸ்கேலை வைத்து சாப்ராவுக்கும் திமாப்பூருக்கும் நடுவே ஒரு கோடு போட்டாள். “அவருக்கு ரெண்டும் கீது. கோடு போட்டா செல்லும்” என்று புதிய சட்டத்தை அறிவித்துவிட்டு, பச்சைப் பென்சிலை ஏஞ்சல் கையில் திணித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, உங்க ஊருக்கு ஃபிளைட்டுல எவ்ளோ தூரம்?”

ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர் என்றேன். மேப்பின் மூலையில் ஒரு சென்டிமீட்டருக்கு எண்பது கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. மெர்சி உள்ளங்கையில் எழுதி வகுத்தாள். முப்பத்தேழரை. திருவொற்றியூரில் ஸ்கேலை வைத்துக் தென்கிழக்காகச் சாய்த்துக் கோடு இழுத்தாள். வங்காள விரிகுடா முடிந்தது, காகிதம் முடிந்தது, கோடு கதவின் நீலப் பெயின்டில் ஓடியது. அது இரட்டைக் கதவு. இடது கதவும் முடிந்து, நடுவிலிருந்த இடுக்கைத் தாண்டி வலது கதவில் கொஞ்சதூரம் போய் முப்பத்தேழரை நிறைந்தது. அங்கே அழுத்தி ஒரு புள்ளி வைத்து ஏஞ்சல் என்று எழுதினாள்.

வெளியே ஏர் ஹாரன் அடித்தது. வரிசையில் புதிதாக ஒரு லாரி வந்து நின்றது. மெர்சி அட்லஸை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வலது கதவை மட்டும் வேகமாக இழுத்துத் திறந்து வெளியே ஓடினாள். அந்தப் புள்ளியும் கதவோடு சேர்ந்து சுவர்ப்பக்கம் போய்விட்டது. என் மகள் இடது கதவின் முன் எக்கி நின்று நாகாலாந்துக்குப் பச்சை தீட்டிக்கொண்டிருந்தாள்.