சீரகம் இல்லாத பணிஸ்

பணிஸ், அதுதான் பன், வேகிற வாசத்துக்கு எல்லோருக்கும் வாயூறுமாம். எனக்கு ஓங்காளம் வரும். என் பிள்ளைகள் வெள்ளவத்தைப் பக்கம் கூட்டிக்கொண்டு போகும்போது பேக்கரி வாசலில் நின்று மூக்கை இழுத்து, "அம்மா, என்ன வாசம்" என்பார்கள். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த கடைக்கு நடந்துவிடுவேன். வயது போனதால் வந்த சிடுசிடுப்பு என்று அவர்கள் நினைக்கிறார்கள். வயதுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கலியாணமான முதல் வருடத்திலேயே பிடித்த சனியன் இது.

யுத்த காலம் அது. வெள்ளைக்காரனின் கொடி கொழும்புக் கோட்டையில் பறந்துகொண்டிருந்தது. அரிசியும் மாவும் கூப்பனுக்குத்தான். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குப் புறக்கோட்டையில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் வேலை. மல்லி, மிளகாய், சீரகம் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பார்த்து, தரம் பிரித்து, நிறுத்துப் போடுவார். வீட்டுக்கு வந்தால் அவருடைய வேட்டியிலேயே குழம்பு வைக்கலாம் என்று அம்மா பகிடி பண்ணுவார். என்னை வெள்ளவத்தையில் கட்டிக்கொடுத்தார்கள். ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு வாடகை வீடு. அதில் என் கணவர், விதவையான மாமி, நான்.

கணவர் கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கர். கந்தோருக்குப் பக்கத்தில் இந்தியாக்காரர் ஒருவரின் தேத்தண்ணிக் கடை இருந்தது. வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, சீரகம் போட்டுச் சுட்ட காரப் பணிஸ் அங்கே பின்னேரம் சுடச்சுட வருமாம். ஒரு நாள் அதன் ருசியைப் பற்றித் தாயிடம் வாயூறக் கதைத்துவிட்டார். மாமிக்கு முகம் கோணிவிட்டது.

"காலால மிதிச்சுக் குழைக்கிற மா தம்பி அது. கொப்பர் இருந்திருந்தா உன்னை வாயைக் கொப்பளிக்கச் சொல்லியிருப்பார்."

மாமி ஒரு பேக்கரிக்குள்ளும் காலெடுத்து வைத்தவரில்லை. ஆனாலும் காலால் மிதிப்பதைக் கண்ணால் கண்டவர் மாதிரித்தான் கதைப்பார். கடைசியில், "நாங்கள் வீட்டில சுடுவம்" என்று முடித்தார். நாங்கள் என்றால் நான்.

வீட்டில் பேக்கரி மாதிரிப் போறணை அடுப்பு ஏது? ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைப் படுக்க வைத்து, உள்ளே மணல் பரப்பி, அடியிலும் மேலேயும் சிரட்டைத் தணல் போட்டுத்தான் பணிஸ் வெந்தது. எத்தனை தரம் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் தகரத்தின் மூலையில் மண்ணெண்ணெய் நாற்றம் போகாது. மாவைப் பொங்க வைக்கக் கள்ளு வேண்டும். அந்தச் சொல்லை மாமி வாயால் சொல்லமாட்டார். பின் படலையில் ஒரு சிங்களப் பெண் போத்தலைத் துணியால் மூடிக் கொண்டுவந்து தருவாள்.

"அப்பத்துக்கும் விடுறனாங்கள்தானே? அது கள்ளில்லை பிள்ளை, புளிப்பு" என்பார் மாமி.

அதே மாமி, குடித்துவிட்டுத் தெருவில் போகிறவனைக் கண்டால் வாசலில் தண்ணீர் தெளிப்பார். எல்லா வீட்டிலும் உள்ள சங்கதிதான், அதில் எனக்குக் கோபமில்லை. மணம்தான் தாங்கமுடியவில்லை. முதல் நாள் பிசைந்து மூடிவைத்த சட்டியைக் காலையில் திறந்தால், யாரோ வெறிகாரன் முகத்துக்கு நேரே ஏவறை விட்டதுபோல் இருக்கும். மா நரைத்த நிறத்தில் கொப்புளம் கொப்புளமாக வீங்கிக் கிடக்கும். அதற்குள் கையை விட வேண்டும். விட்டால் விரலை விடாது.

இனி மாவுக்கு வருகிறேன். கூப்பனுக்குக் கிடைத்த அந்த மா எந்தக் கப்பலின் அடியில் எவ்வளவு காலம் கிடந்ததோ. பையைத் திறந்தால் நனைந்த சாக்கு மணக்கும். மா நூல் கோத்துக் கட்டி கட்டியாக இருக்கும். கட்டியை உடைத்தால் வெள்ளைப் புழு நெளியும். போதாததற்கு வண்டு. அரிதட்டில் போட்டால் மா கீழே விழும், சீவராசிகள் மேலே நிற்கும் என்று நினைப்பீர்கள். பெரியவைதான் நிற்கும். சின்னவை மாவோடு சேர்ந்து கீழே வந்துவிடும்.

எங்கள் மாமி சுத்த சைவம். முட்டை கொண்டுவந்த பையில் மரக்கறி வாங்கவும் சம்மதிக்கமாட்டார். அப்படிப்பட்டவர் வண்டைக் கொல்ல விடுவாரா? மாவைச் சுளகில் பரப்பி முற்றத்து வெயிலில் வைப்பார். சூடு பொறுக்காமல் வண்டுகள் விளிம்புக்கு வரும். வந்தவற்றை ஓர் இலையில் ஏந்தி, விழுந்துவிடாமல் மெல்ல நடந்துபோய், செவ்வரத்தைச் செடியின் நிழலில் இறக்கிவிடுவார்.

"அதுவும் ஒரு சீவன்தானே."

சுளகுக்குக் காவலாக நானும் அதே வெயிலில்தான் நின்றேன். என்னை நிழலுக்குப் போ என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

எல்லா வண்டும் விளிம்புக்கு வருமா என்ன? முதல்முறை நான் சுளகைக் காட்டி, "மாமி, இன்னும் கிடக்குது" என்றேன். மாமி குனிந்து பார்த்தார். கண் நன்றாகத் தெரிகிறவர்தான்.

"சீரகம் போட்டா ஒண்டும் தெரியாது. போட்டுப் பிசை."

அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் பணிசின் பக்குவம் விளங்கியது. வெந்த வண்டும் வெந்த சீரகமும் ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே அளவு. பின்னேரம் கணவர் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு, "சீரகம் நல்லாப் பிடிச்சிருக்குதம்மா" என்றார். நான் குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

இந்த லட்சணத்தில் நான் பிள்ளைத்தாய்ச்சியானேன். நல்ல மணமே பிடிக்காத காலம் அது, அந்த மணத்தை என்ன சொல்ல. மா பிசைவேன், எழுந்து ஓடிப்போய்க் கழிவுநீர்க் கானில் சத்தி எடுப்பேன், திரும்பி வந்து பிசைவேன். மாமி திரும்பிப் பார்க்காமலே கேட்பார், "கையைக் கழுவினியே?" அதற்கு மேல் அவர் என்னைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. பிசைந்த பிறகு சோற்றுக்கு முன் உட்கார்ந்தால் ஒவ்வொரு பருக்கையும் நெளிவதுபோல் இருக்கும். என் வளையல்கள் முழங்கை வரை ஏறின. அம்மாவின் வெறும் சோற்றுக் கஞ்சி, ஒரு துண்டு ஊறுகாய் கிடைத்தால் வயிற்றில் தங்கும் என்று எனக்குத் தெரியும். தலைப்பிள்ளைப் பேறு தாய் வீட்டில் என்பதும் வழக்கம்தான். கணவரிடம் கேட்டேன்.

"அம்மாவைக் கேள்" என்றார், பணிஸ் ஒட்டிய விரலை நக்கிக்கொண்டு. அந்த விரலைப் பார்த்த பிறகு அவரிடம் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மாமியைக் கேட்டேன்.

"யப்பான்காரங்கள் துறைமுகத்தில குண்டு போட்டவங்கள். அதுக்குப் பக்கத்தில போய்ப் பிள்ளை பெறப் போறியே? நீ போனா ஆர் மா பிசையிறது? எனக்கு மணிக்கட்டு ஏலாது."

முதல் காரணம் பொய்யில்லை. கொட்டாஞ்சேனைச் சனம் பயந்து ஓடியதும் உண்மைதான். ஆனால் ஓடியவர்கள் திரும்பி வந்து கனகாலமாகிவிட்டது. இரண்டாவது காரணம்தான் காரணம். இப்படியே போனால் பிள்ளையும் தங்காது, நானும் தங்கமாட்டேன் என்ற பயம் எனக்குப் பிடித்துவிட்டது.

இதற்கிடையில் இந்தியாவிலிருந்து சரக்கு வருவது குறைந்தது. அப்பா ஒரு சின்னப் பொட்டலம் சீரகத்தை என் கணவரிடம் கொடுத்து, கடையில் இதுதான் கடைசி, கொழும்பு முழுக்கத் தேடினாலும் இனிக் கிடைக்காது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதுவும் முடிந்தது.

"சீரகம் இல்லை மாமி."

"இல்லாட்டி என்ன? வெங்காயத்தைக் கூடப் போடு."

அன்று பின்னேரம் தட்டில் வைத்த பணிசிலும் சீரகம் இருந்தது. கணவர் வழக்கம்போல இரண்டு தின்றார்.

சில கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், அம்மா போட்ட தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல். என் முகத்தைப் பார்த்தார். பிறகு வளையல்களைப் பார்த்தார். கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். பெண்ணைக் கொடுத்தவர்கள் அந்த வீட்டில் கதிரை முழுவதையும் பாவிப்பதில்லை.

"பிள்ளை நல்லா மெலிஞ்சுபோனாள் தங்கச்சி. தாய்க்காரியும் பாக்க வேணுமெண்டு நிக்கிறா. கொஞ்ச நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகட்டே?" என்று மாமியைக் கேட்டார்.

"மெலியாமல் என்ன செய்வாள் அண்ணை? ஒண்டும் தொடுறாளில்லை. நான் பட்டினி போடுறன் எண்டெல்லோ சனம் கதைக்கும். என்ன மாதிரிப் பணிஸ் சுடுறம் எண்டு நீங்களே சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்கோ. சீரகம் போட்டுச் சுட்டது."

தட்டை நான்தான் கொண்டுபோய் வைக்கவேண்டியிருந்தது. அப்பா ஒரு பணிசை எடுத்துப் பிய்த்தார். வாய்க்குக் கொண்டுபோன கை நின்றது. காலம் முழுக்கச் சீரகத்தை அளைந்த கை அல்லவா? உள்ளே கிடந்த ஒன்றைப் பெருவிரல் நகத்தால் நெருடினார். அது உடைந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அவர் அதை வாயில் போட்டார்.

மென்றார். விழுங்கினார். "எங்கட கடையிலயே இல்லாத சீரகம் தங்கச்சி. நல்ல வாசம்" என்றார். அந்தப் பணிசை முடித்துவிட்டு, ஒருவரும் வற்புறுத்தாமலே தட்டுக்குக் கையை நீட்டி இன்னொன்று எடுத்தார்.

மாமியின் முகம் மலர்ந்தது. "பாத்தியளே? இதைத்தான் உங்கட மகள் மணந்தாலே ஓடுறாள்."

"அவளுக்குக் குடுத்து வைக்கேல்லை. தாயின்ர கையால கொஞ்ச நாள் வெறும் கஞ்சி குடிச்சுப்போட்டு வரட்டும். அப்பதான் உங்கட கைருசி விளங்கும்."

மாமி சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. "சரி, கூட்டிக்கொண்டு போங்கோ. நான் வயித்தைக் காயப்போட்டனான் எண்டு ஒருத்தரும் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டினம். இண்டைக்கு நாளும் நல்லம். பாத்துக்கொண்டுதான் வந்தனான்."

எனக்குச் சந்தோசம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. மாமியை அருவருத்தேன், பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்த கணவரை அருவருத்தேன். அந்த நேரம் அப்பாவையும்தான். தெரிந்துகொண்டே தின்றுவிட்டுப் பல்லைக் காட்டுகிறாரே, இவருக்கு ரோசமே கிடையாதா என்று பற்றிக்கொண்டு வந்தது. மாமி மிச்சப் பணிசைச் சிவப்புக் கரை போட்ட ஒரு வெள்ளைத் துணியில் கட்டி என் கையில் தந்து, "கொம்மாவும் சாப்பிட்டுப் பாக்கட்டும்" என்றார்.

ரயில் நிலையம் வரை நான் அப்பாவோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. வெள்ளவத்தையில் மேடைக்குக் கீழேயே கடல். ரயில் வர நேரமிருந்தது. அப்பா என் பெட்டியை வைத்துவிட்டு, "இதில நில் பிள்ளை, வாறன்" என்று மேடையின் கடைசிக்குப் போனார். போனவர் கற்களுக்குப் பக்கத்தில் குந்தினார். முதுகு குலுங்கியது. நான் கிட்டப் போகும்போது அவர் எல்லாவற்றையும் சத்தி எடுத்து முடித்து, இனி ஒன்றும் இல்லாமல் வெறும் தண்ணீராக எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் ஓடியது. என் தலையை ஒருவரும் பிடித்ததில்லை என்பது நினைவு வந்தது. நான் அவருடைய தலையைப் பிடித்துக்கொண்டேன்.

சால்வையால் வாயைத் துடைத்துவிட்டு, "கொம்மாட்டச் சொல்லாத" என்றார்.

நான் பொட்டலத்தை அவிழ்த்துப் பணிசுகளைக் கற்களின் மேல் கொட்டினேன். துணியையும் கடலுக்குள் எறியக் கையை ஓங்கினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"துணியை எறியாத. அது அவவின்ர. தோய்ச்சுக் குடுக்க வேணும். நீ திரும்பிப் போற வீடெல்லே பிள்ளை."

அப்பாவின் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. மற்றதெல்லாம் போகவில்லை. ரயில் வந்தது. துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அம்மாவின் கஞ்சி வயிற்றில் தங்கியது. பிள்ளையும் தங்கியது.

துடக்குக் கழித்து, மகளைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைக்குத் திரும்பியபோது அந்தத் துணியையும் தோய்த்துக் கொண்டுபோனேன். மாமி ஒரு கையால் பிள்ளையை வாங்கினார், மறு கையால் துணியை வாங்கினார். பிள்ளையின் முகத்தை நன்றாகப் பார்த்துக் கொஞ்சினார். பிறகு குசினிக்குள் போய், மாச்சட்டியை அந்தத் துணியால் மூடிவிட்டு வந்தார்.

"கையைக் கழுவிக்கொண்டு வா பிள்ளை" என்றார். "மா பொங்கிக் கிடக்குது."