கார்முகிலின் பட்டியலில் இருந்த ஒரே பொருள்

2023 அக்டோபர் 6 – ரூ. 3,999
2023 டிசம்பர் 21 – ரூ. 3,199
2024 மார்ச் 14 – ரூ. 2,799
2024 ஜூன் 27 – ரூ. 2,399
2024 நவம்பர் 27 – ரூ. 1,999
2025 பிப்ரவரி 13 – ரூ. 1,599

இந்த ஆறு வரிகளும் ராஜமாணிக்கத்தின் நீல அட்டை நோட்டில் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே பொருளின் விலைதான், ஆறு தேதிகளில். பொருள் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. அதை வாங்க நினைத்தவன் அவருடைய ஒரே மகன் கார்முகில். முதல் வரியில் உள்ள தேதிக்கு நாற்பத்தெட்டு நாள் முன்பே அவன் இறந்துவிட்டான்.

ராஜமாணிக்கம் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் முப்பத்துநான்கு ஆண்டு சூளைக் கணக்கு எழுதியவர். நெருப்பு வைத்த நேரம், மணிக்கு மணி ஏறிய சூடு, அணைத்த நேரம், ஆறிய பிறகு கதவைத் திறந்த நேரம், வெளியே வந்ததில் நல்லது எத்தனை, விரிசல் எத்தனை என்று எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருக்கும். சூளை வெடித்தாலும் மனுசன் மணியைப் பார்த்து எழுதிவிட்டுத்தான் ஓடுவார் என்று கூட இருந்தவர்கள் கேலி பேசுவார்கள். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதில்லை.

1996இல் ஒரு சங்கதி நடந்தது. களிமண் கலக்கும் பிரிவில் ஒருவர் இறந்துபோனார். அவர் இறந்த பிறகும் பதினோரு நாள் அவருக்கு ஆஜர் போட்டு ஒரு மேற்பார்வையாளர் கூலியை எடுத்துக்கொண்டார். ராஜமாணிக்கம் வருகைப் பதிவேட்டையும் சாவுத் தேதியையும் கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்தார். மேற்பார்வையாளருக்கு வேலை போயிற்று. அவருக்கு மூன்று பிள்ளைகள். அதற்கப்புறம் ஒரு வருஷம் ராஜமாணிக்கத்தோடு யாரும் டீ குடிக்க வரவில்லை. செத்தவனுக்கு ஆஜர் போடக் கூடாது என்று மட்டும் அவர் சொன்னார். தனியாகவே டீ குடித்தார்.

கார்முகில் இறந்தது 2023 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை, இரவு 7.40. சுரங்க ஒப்பந்தக்காரர் ஒருவரின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். கம்மாபுரத்திலிருந்து வண்டியில் திரும்பும்போது, விளக்குப் போடாமல் ஓரத்தில் நின்ற லாரியின் பின்னால் மோதிவிட்டான். வயது இருபத்தேழு. ஆகஸ்ட் 30ஆம் தேதி இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தது. ராஜமாணிக்கம் அதில் பன்னிரண்டு நகல் எடுத்தார்.

பிறகு அந்த நகல்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். செப்டம்பர் 11இல் ரேஷன் அட்டை. 14இல் வங்கி. அப்புறம் கேஸ் ஏஜென்சி, வாக்காளர் பட்டியல், அவன் சீட்டுக் கட்டிய கடை. ரேஷன் அட்டைக்குப் போன இடத்தில், ஒரு ஆள் அரிசிதானே சார், கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஒருவர் இரக்கப்பட்டார். ராஜமாணிக்கம் ஒப்பவில்லை. பெயரை நீக்கிய தாளை வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

அவர் மனைவி ஆராயி அன்றைக்கு அந்தத் தாளைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"பெத்த புள்ள பேர ஒவ்வொரு ஆபீசா போயி நீங்களே அடிச்சிட்டு வரீங்க. இன்னும் எத்தினி ஆபீசு இருக்குது, சொல்லுங்க."

அவர் எண்ணிப் பார்த்து, நான்கு என்றார். அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

கார்முகிலின் கம்ப்யூட்டர் அவன் அறையிலேயே இருந்தது. ஈரம் ஏறினால் கெட்டுப்போகும் என்று யாரோ சொன்னதால், வாரம் ஒரு நாள், சனிக்கிழமை காலையில், அரை மணி நேரம் அதைப் போட்டுவைப்பார். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அப்படிப் போட்டபோது திரையின் மூலையில் ஒரு அறிவிப்பு வந்திருந்தது. முந்தின நாள் தேதி. உங்கள் விருப்பப் பட்டியலில் உள்ள பொருள் இப்போது விற்பனைக்கு வந்துவிட்டது, விலை இவ்வளவு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மேலே கார்முகில் என்று பெயர் போட்டு, வணக்கம் சொல்லி.

அவர் நோட்டை எடுத்துத் தேதியையும் விலையையும் குறித்துக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே தெரியாது. மகன் பெயருக்கு வந்த ஒரு தகவல். குறிக்காமல் விட மனசு வரவில்லை.

அறிவழகன்தான் விளக்கம் சொன்னான். கார்முகிலோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகப் படித்தவன்; இப்போது பாலக்கரையில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அந்த விளையாட்டுக்குத் தமிழில் பேர் சொன்னால் 'சாம்பல் மலை அரசு' என்று வரும். மந்திரவாதிகளும் பறக்கும் பாம்புகளும் உள்ள ஒரு பெரிய தேசம். இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. மலை தெரிந்தால் மலைக்குப் போகலாம், ஆறு தெரிந்தால் இறங்கலாம். முதல் பாகத்தைக் கார்முகில் 412 மணி நேரம் ஆடியிருக்கிறான். இப்போது வந்திருப்பது இரண்டாம் பாகம். பட்டியலில் அவன் வைத்திருந்தது இந்த ஒன்றைத்தான்.

முதல் பாகத்தை அறிவழகன் திறந்து காட்டினான். திரையில் ஒரு ஆற்றங்கரை வந்தது. சாயங்கால வெளிச்சம். பாலத்துக்குக் கீழே சின்னதாக நெருப்பு மூட்டி, அதன் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். வெள்ளைத் துணியைத் தோளில் போட்டிருந்தான். அவனுக்குப் பின்னால் முதுகு நிறைய மூட்டைகளோடு ஒரு பொதிக்கழுதை. கார்முகில் கடைசியாக நிறுத்திய இடம் அது. கீழே தேதி இருந்தது: 2023 ஆகஸ்ட் 18, இரவு 11.06.

ஆராயி கதவோரம் நின்று பார்த்தாள். கழுதையின் தலைக்கு மேலே ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருக்கிறதே, அது என்ன என்று கேட்டாள். அறிவழகன் தலையைச் சொறிந்தான்.

"அது ஒண்ணுமில்லம்மா. கழுதைக்குப் பேரு வச்சிருக்கான்."

"என்னா பேரு?"

"அப்பா பேருதான். எவ்ளோ ஏத்துனாலும் சுமக்குமாம், ஆனா எண்ணி எண்ணித்தான் அடி எடுத்து வைக்குமாம். அதனால வச்சேன்னு சொன்னான்."

ஆராயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிக்கிறாள் என்று புரிய ராஜமாணிக்கத்துக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எழுத்துக் கூட்டிப் பார்த்தார். தன் பெயரில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை என்றார். அதற்கு அறிவழகனும் சிரித்துவிட்டான்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை அரை மணி நேரம் என்பது ஒரு மணி நேரமாயிற்று. இருவரும் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த ஆளைப் பார்ப்பார்கள். அவன் அவ்வப்போது தோளை அசைப்பான், நெருப்பில் கையைக் காட்டுவான். கழுதை வாலை ஆட்டும். ராஜமாணிக்கம் ஒரு பட்டனையும் தொடமாட்டார். மகன் உட்காரவைத்த இடத்திலேயே அவன் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

இரண்டாம் பாகத்தை வாங்கலாமா என்ற கேள்வி அதனால்தான் பதினாறு மாதம் இழுத்தது. விலை குறையட்டும் என்று அவர் காத்திருப்பதாக அறிவழகன் நினைத்தான். விலை அவருக்கு ஒரு பொருட்டல்ல. ஒரு லோடு மண் வாங்குவதற்கு முன் கேட்பதைப் போல அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள்? முதல் பாகம்தான் உசத்தி என்று பாதிப் பேர் சொல்வதாக அறிவழகன் சொன்னான். இந்தக் கம்ப்யூட்டர் தாங்குமா? தாங்கும், கொஞ்சம் திணறும். முடிக்க எவ்வளவு நேரம்? நூற்றிருபது மணி. கார்முகில் இருந்தால் வாங்கியிருப்பானா? வந்த அன்றைக்கே. கடைசியாக, இங்கே உட்கார்ந்திருப்பவன் என்ன ஆவான் என்று கேட்டார்.

"இவனையே அங்க கொண்டுபோயிடலாம்பா. இதே ஆளு, இதே கழுத. கார்முகில் சேத்து வச்ச சாமான்லாம் அப்படியே கூட வரும். புது தேசத்துல நடந்து போயிட்டே இருப்பான்."

"யாரு நடத்துவா?"

"நீங்கதான். நான் சொல்லித் தரேன்."

அதில்தான் அவர் தயங்கினார். எழுப்பிவிட்டால் அந்தப் பாலத்தடியும் அந்த ஆகஸ்ட் 18ஆம் தேதியும் போய்விடும். எழுப்பாவிட்டால் அவன் அங்கேயே. நோட்டில் ஒரு பக்கம் 'வாங்கலாம்' என்றும் எதிர்ப்பக்கம் 'வேண்டாம்' என்றும் போட்டுக் காரணங்களை எழுதிப் பார்த்தார். இரண்டு பக்கமும் சம அளவில் வந்தன.

முடிவு சொன்னது ஆராயி. 2025 பிப்ரவரி 13ஆம் தேதி விலை 1,599 ஆனது. 15ஆம் தேதி சனிக்கிழமை இருவரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஒன்றர வருசமா குத்துக்கால் போட்டே கெடக்குறான். காலு மரத்துப் போயிருக்கும். எழுந்து போவட்டுங்க. வாங்குங்க."

ராஜமாணிக்கம் சரி என்றார். அறிவழகனுக்கு போன் போட்டார். அவன் அரை மணியில் வந்து, பணம் கட்டும் பக்கத்தைத் திறந்துவைத்தான். வாங்குபவர் பெயர் என்ற இடத்தில் கார்முகில் என்று தானாக வந்து நின்றது. அதற்குக் கீழே, மேலே சொன்ன நபர் நானே என்று உறுதி கூறுகிறேன் என ஒரு வரி, பக்கத்தில் ஒரு கட்டம். கட்டத்தில் டிக் அடித்தால் போதும்.

ராஜமாணிக்கம் அறிவழகனின் கையைப் பிடித்துக்கொண்டார். தான் அந்த நபர் இல்லை என்றார். எல்லாருமே அடிப்பதுதான், யாரும் படித்துப் பார்ப்பதில்லை என்று அவன் சொல்லிப் பார்த்தான். உங்கள் பெயரில் புதிதாகக் கணக்கு திறந்தால் பழைய ஆள் அங்கே வரமாட்டான், கார்முகில் கணக்கிலிருந்து வாங்கினால்தான் உண்டு என்றும் சொன்னான். அவர் கேட்கவில்லை. கம்பெனிக்கு எழுதி, விவரத்தைச் சொல்லி, அனுமதி வாங்கிவிட்டு வாங்கலாம் என்றார். வேறெங்கும் அப்படித்தானே செய்தோம் என்றார்.

"அப்பா, சொன்னா கேளுங்க. அவங்களுக்கு அவன் செத்தது தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்."

அவர் அன்றே தொழிற்சாலைக் காலத்து ஆங்கிலத்தில், மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதித் தன் மெயிலிலிருந்து அனுப்பினார். கணக்கு வைத்திருந்தவர் என் மகன், இன்ன தேதியில் காலமானார், வாரிசு என்ற முறையில் அவருடைய கணக்கில் ஒரு பொருள் வாங்க அனுமதி கோருகிறேன்.

19ஆம் தேதி பதில் வந்தது. ஆழ்ந்த அனுதாபம், இறப்புச் சான்றிதழின் நகலை அனுப்பவும் என்றிருந்தது. பன்னிரண்டு நகலில் கடைசி ஒன்று மிச்சம் இருந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பும் நோட்டரி கையெழுத்தும் சேர்த்து 22ஆம் தேதி அனுப்பினார். 27ஆம் தேதி இரவோடு தள்ளுபடி முடிந்தது. முழு விலை கொடுத்தே வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

மார்ச் முதல் வாரம் போயிற்று, இரண்டாவது வாரமும் போயிற்று. கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டியிருந்தால்கூட இதற்குள் சாமியே வந்து விசாரித்திருப்பார் என்றாள் ஆராயி. சொல்லும்போது அவள் முகத்தில் கோபம் இல்லை. சனிக்கிழமை தோறும் நாற்காலிகளை அவளே எடுத்துப் போட்டாள். புது தேசத்தில் கழுதைக்குத் தீனி கிடைக்குமா என்று அறிவழகனிடம் கேட்டுவைத்திருந்தாள்.

மார்ச் 22, சனிக்கிழமை காலை. கம்ப்யூட்டர் எழும்பியது. ஆற்றங்கரை வரவில்லை. பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. ராஜமாணிக்கம் நோட்டைப் பார்த்து எழுத்து எழுத்தாக அடித்தார். அப்படி ஒரு கணக்கு இல்லை என்றது. மூன்று முறை அடித்தார். அறிவழகன் வந்து பார்த்தான். பிறகு அவருடைய செல்போனை வாங்கி மெயிலைத் திறந்தான். முந்தின நாளே ஒரு கடிதம் வந்திருந்தது.

சுருக்கமான கடிதம்தான். எங்கள் விதிப்படி கணக்கு என்பது தனிநபருக்கு உரியது, வாரிசுக்கு மாற்ற இயலாது. கணக்குதாரர் காலமானது தாங்கள் அனுப்பிய சான்றிதழால் உறுதியானபடியால் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. அதிலிருந்த விளையாட்டுகளும் சேமிப்புகளும் மீட்க முடியாதவை. எங்களுக்குத் தெரிவித்ததற்கு நன்றி.

ராஜமாணிக்கம் அதை இரண்டு முறை படித்தார். பிழை ஒன்றும் இல்லை. அவராக இருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பார்.

அந்த ஆள் இந்தப் பெட்டிக்குள்ளேதானே இருக்கிறான், எங்கே போய்விடுவான் என்று ஆராயி கேட்டாள். உள்ளேதான் இருப்பான், ஆனால் திறக்கிற சாவி அவர்கள் கையில் என்று அறிவழகன் சொன்னான். அவள் திரையைத் துடைப்பது போல உள்ளங்கையால் ஒரு முறை தடவினாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"இதான் கடேசி ஆபீசா?"

அவர் தலையாட்டினார். அவள் தன் நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் கூடத்தில் போட்டாள்.

அறிவழகன் போன பிறகு ராஜமாணிக்கம் நீல நோட்டின் நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தார். ஆறு வரிகளுக்குக் கீழே 'வாங்கவில்லை' என்று எழுதினார். காரணம் என்று ஒரு பத்தி போட்டு, அதை நிரப்பாமல் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த இடத்தில், கடிதம் வந்த நாளை மட்டும் குறித்தார்: 2025 மார்ச் 21, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 4.10.