நாலு துண்டுப் புரதமும் போலீஸக்காவின் விரல்களும்

எங்கள் பிரெய்ல் அச்சகத்தில் அவரை எல்லோரும் போலீஸக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கையில் அகப்பட்ட பிழை தப்பியதாகச் சரித்திரமே இல்லை. புள்ளிகள் புடைத்த தாளின் மேல் ஆள்காட்டி விரல் ஓடிக்கொண்டே இருக்கும், சட்டென்று நிற்கும். நின்றால் யாரோ ஒருவருக்கு அர்ச்சனை நிச்சயம். சிறு வயதிலேயே பார்வை போனவர். சம்பளம், மரியாதை, தனியாக ஒரு வீடு என்று எல்லாவற்றையும் அந்த விரலால்தான் சம்பாதித்தார்.

நான் அவருடைய ஜோடி. பிழை திருத்துவது இரண்டு பேர் வேலை. அவர் புள்ளிகளைத் தடவிச் சத்தமாக வாசிப்பார். நான் எதிரில் உட்கார்ந்து மூலப் புத்தகத்தில் வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வருவேன். இரண்டும் ஒத்துப்போனால் தாள் தேறியது. நான் கொட்டாவி விட்டால் போதும், "ஏன்டி, மூலத்துல கொட்டாவின்னு போட்டிருக்கா?" என்பார்.

அவருக்கு ஒரே ஒரு அண்ணன். அப்பா கால் மரத்து, எலும்பும் தோலுமாகி, என்ன நோய் என்றே தெரியாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு தங்கையைப் படிக்கவைத்தது, இந்த வேலைக்காக நாலு பேரிடம் நடையாய் நடந்தது எல்லாம் அண்ணன்தான். "எங்கண்ணன் இருக்கிறவரைக்கும் எனக்கென்னடி குறை?" கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது.

அந்த வருடம் உயிரியல் பாடநூலின் புதுப் பதிப்பு வந்தது. புரதங்களைப் பற்றிய பாடம். அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும், அந்த வரிசைக்குத் தக்கபடி சங்கிலி மடியும், மடிந்த வடிவத்துக்குத் தக்கபடி புரதம் தன் வேலையைச் செய்யும். அக்கா தங்குதடையில்லாமல் வாசித்தார். நானும் தலையாட்டிக்கொண்டே வந்தேன். புத்தகம் பள்ளிகளுக்குப் போய்விட்டது.

கொஞ்ச நாளில் ஒரு ஆசிரியை போனில் பிடித்து உலுக்கினார். அந்தப் பாடத்தில் பக்கத்துக்குப் பக்கம் பிழை, பிள்ளைகள் தடவித் தடவி அழுகிறார்கள் என்றார். மேனேஜர் எங்கள் இருவரையும் நிற்கவைத்துக் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு வரிகூட விடாமல் பார்த்தவள் நான்.

அக்காவைத் தனியாக அழைத்துப் போய், பிழையான தாளை அவர் கையில் கொடுத்தேன். விரல் பிழையின் மேல் ஏறி, நிற்காமல் போய்விட்டது.

"அக்கா, என்னாச்சு?"

"விரல் மரத்துப்போச்சுடி. கொஞ்ச மாசமாவே பாதிதான் தெரியுது. மீதிய நானா வாசிச்சேன்."

பழைய பதிப்பை எத்தனையோ முறை திருத்தியவர், புதுப் பதிப்பிலும் வரி மாறாத அந்தப் பாடம் அவருக்கு மனப்பாடம். தாளில் இருப்பதை விட்டுவிட்டு, இருக்கவேண்டியதை வாசித்திருக்கிறார். என் கையிலிருந்த மூலத்திலும் அதுதானே இருந்தது? பிழை எங்கள் நடுவில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என்னிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அழுத அழுகையில் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அப்பாவின் கதையையும், அண்ணனுக்கு இரண்டு மணிக்கட்டிலும் நரம்பு அழுந்தி ஆபரேஷன் நடந்ததையும் கேட்டதும் டாக்டர் இரத்தப் பரிசோதனை எழுதினார். முடிவு வந்ததும் நிதானமாகச் சொன்னார்.

"கல்லீரல்ல உருவாகிற ஒரு புரதம்மா. தைராய்டு ஹார்மோனையும் வைட்டமின் ஏ-யையும் இரத்தத்துல சுமந்துட்டுப் போகும். நாலு துண்டு ஒண்ணையொண்ணு கட்டிப்பிடிச்சு நிக்கணும். உங்களுக்கு அதுல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கு. கட்டு தளர்ந்து துண்டெல்லாம் பிரிஞ்சு, உருக்குலைஞ்சு, நார் நாரா நரம்புல போய்ப் படியுது."

"எங்க பிரஸ்ல ஒரு புள்ளி தப்பினா மறுபடி அடிப்போம்," என்றார் அக்கா. "இத யாருகிட்ட திருத்தக் குடுக்கிறது?"

"துண்டுங்களப் பிரியவிடாமப் பிடிச்சு வைக்க மாத்திரை இருக்கு. இருக்கிற உணர்ச்சியக் காப்பாத்தலாம். போனது திரும்புறது கஷ்டம். முன்னாடியே வந்திருந்தா..." டாக்டர் மாத்திரையை எழுதிக்கொண்டே நிமிர்ந்தார். "உங்கண்ணனுக்கும் இருக்கும்னு தோணுது. உடனே பார்க்கச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் அக்கா தன் விரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "டாக்ஸி பிடிடி. அண்ணனுக்குச் சொல்லணும். அவனாவது தப்பிக்கட்டும்."

அண்ணன் வீட்டுக் கூடத்தில் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டினார். அண்ணன்காரரின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். தண்ணீரோடு வந்த அண்ணிதான் பேசினார்.

"அந்த நாலு துண்டுப் புரதம்தானே? அதுக்குத்தானே இவரும் வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிடுறாரு. நல்லாத்தான் இருக்காரு, நீ பயப்படாத. உங்கிட்ட அப்பவே சொல்லிட்டேன்னாரே?"

அக்கா அண்ணன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருந்த நேரம்," என்றார் அண்ணன். "பரம்பரை நோய்னு வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்? உனக்கு வராதுன்னு நினைச்சேன்மா."

"தங்கச்சிகிட்ட சொல்லச் சொல்லி டாக்டர் சொல்லலையா?" என்று கேட்டார் அக்கா.

"சொன்னாரு."

"நான் யாருகிட்டண்ணே சொல்லப்போறேன்?"

அந்த ஆளை நான் அன்றைக்கு வெறுத்தேன், இன்றைக்கும் வெறுக்கிறேன். ஊராருக்குப் பயந்தது போகட்டும். சொந்தத் தங்கையையே ஊராரில் ஒருத்தியாக வைத்துவிட்டாரே!

அக்கா கத்தவில்லை. "கையக் குடு," என்றார். அண்ணன் தயங்கித் தயங்கி நீட்டினார். அக்கா அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரல் நுனியாக அழுத்தினார்.

"இது தெரியுதா?"

"தெரியுது."

"இது?"

"தெரியுதும்மா. எல்லாமே தெரியுது."

"எனக்கு உன் கை தெரியலண்ணே," என்று சொல்லிவிட்டு, அக்கா அதை மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார்.